முள்ளைக் காட்டு, ஆத்தா

என் வலது கால் அவ்வளவுதான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. உங்களைப் போல மாரியாத்தாவே கதி என்று கிடக்கிறவள் நான். வெள்ளிமலைப் பக்கம் ஊர். போன மார்கழியில் சாமை அடிக்கும்போது பாதத்தில் மூங்கில் முள் ஏறியது. களத்தில் நாங்கள் செருப்புப் போட மாட்டோம். ஆத்தாவுக்கு முதல் படி அளக்கிற இடம். வீட்டுக்காரர் ஊக்கால் நெம்பி எடுத்தார். முழுசாக வந்துவிட்டது என்று நினைத்து எருக்கம்பால் வைத்தோம்.

பாதம் வீங்கிச் சீழ் பிடித்தது. ஊன்ற முடியவில்லை. பூசாரி வந்து பார்த்தார். எனக்குப் பெரியப்பா முறை.

"தீட்டோட களத்த மிதிச்சிருப்ப. ஆத்தா குத்திட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா கோவம் ஜாஸ்தியாவும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் ஆத்தா புள்ள கால குத்துவாளா பெரியப்பா? இன்னா பேச்சு பேசறீங்க!"

அவர் போனதும் விளக்கேற்றி அழுதேன். ஆத்தாவோடு சண்டையும் போட்டேன். "நீ குத்தலன்னு எனக்குத் தெரியும். அப்ப இது வெறும் முள்ளு. எங்க இருக்குதுன்னு காட்டு. காட்டாம உன்ன விடமாட்டேன்!"

மறுநாளே ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "மாத்திரை சாப்பிடுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். எனக்கு உலகமே இருண்டது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உள்ள இருக்குது சார். குத்திக்கினே இருக்குது."

பக்கத்து மேசையிலிருந்த டாக்டரம்மா திரும்பினார். "என்ன குத்துச்சு? கண்ணாடியா, ஆணியா?"

"மூங்கில் முள்ளும்மா."

"மரம், முள்ளெல்லாம் எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாதும்மா. ஸ்கேன் பாத்துடலாம்."

வயிற்றுக்குப் பார்க்கிற அதே ஸ்கேனைப் பாதத்தில் வைத்தார். திரையில் கோடு போலத் தெரிந்தது. ஆத்தா காட்டிவிட்டாள்! மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, ஒடிந்த முனையை எடுத்தார். புண்ணைக் கழுவி டி.டி. ஊசியும் போட்டார். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா சீழ் எலும்புக்குப் போயிருக்கும். இனிமே நீங்களா நோண்டாதீங்க" என்றார்.

இந்த வருஷமும் சாமை அடித்தோம். களத்து ஓரம் வரை செருப்போடு நடந்தேன். பூசாரி முறைத்தார். ஓரத்தில் கழற்றிவிட்டு விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"மொதல்ல முள்ளு இல்லாம பெருக்குங்க பெரியப்பா."

பெருக்கினார். ஆத்தாவுக்கு முதல் படியை நான்தான் அளந்தேன்.

அவளை நம்புங்கள். உரிமையோடு சண்டை போட்டே கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் அவள் இருக்கிறாள். என் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றுதான் இதைச் சொல்கிறேன்.