வண்டியில் ஒன்றும் இல்லை

அந்தக் கருகல் வாசனை முதல் தடவை வந்தபோது மணிமங்கலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிற நேரம். வெளிச்சம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. ஒயர் எரிகிற மாதிரி, அதில் கொஞ்சம் இனிப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வண்டியை ஓரம் கட்டினேன். சீட்டைக் கழற்றி பேட்டரி பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எங்கேயோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டேன். அன்றைக்கு நான் சந்தேகப்பட்டது வண்டியைத்தான். அதற்கப்புறம் பல மாதங்கள் வண்டியையேதான் சந்தேகப்பட்டேன்.

உண்மையில் அது அப்படிச் சந்தேகப்பட வேண்டிய வண்டியே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருநாள்கூட என்னை நடுவழியில் விட்டதில்லை.

நான் வாலாஜாபாத் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பென்னலூரில் நாலு பேராக ஒரே அறை. வேலை நிரந்தரமான மாதமே வண்டி வாங்கிவிட்டேன். கறுப்பு நிறம், டேங்கில் ஒரு சிவப்புக் கோடு. ஆபீசுக்குப் போகிறவர்கள் வாங்குகிற சாதாரண வண்டிதான். ஆனால் அதுவரை என் வாழ்க்கையில் எல்லா நேரத்தையும் கம்பெனி பஸ்ஸும் டவுன் பஸ்ஸுமே முடிவு செய்திருந்தன. இப்போது நான் கிளம்பினால்தான் கிளம்பும் என்று ஒன்று வாசலில் நின்றது. முதல் ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போய், இறங்கி, ஏரியைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த அறைத் தோழன் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறான். அவன் திருநெல்வேலிக்காரன். அப்போது என்னோடு ஒரே லைனில் வேலை, இப்போதும் ஒரே கம்பெனிதான்.

கல்யாணமானதும் ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு எடுத்தேன். சாமான் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் வண்டியிலேயே கொண்டுபோனோம். சுருட்டிய மெத்தை, குக்கர், அடுப்பு, துணி மூட்டை. தோழன் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சீலிங் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பெட்ரோல் பங்க்கில் ஒருவர், "காத்து வருதா தம்பி?" என்று கேட்டார்.

மகள் பிறந்து நாலு வருடம் கழித்து, குன்றத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் மனைவிக்கு வேலை கிடைத்தது. மறுபடி வீடு மாறினோம். இந்தத் தடவை பீரோவும் கட்டிலும் குட்டி யானை வேனில் போயின. ஆனால் மிக்சியையும் மணி பிளான்ட் தொட்டியையும் மனைவி யாரிடமும் கொடுக்கவில்லை. மிக்சி பையை ஹேண்டில் பாரில் மாட்டினோம். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். மகள் டேங்க் மேல். வழி முழுக்க அந்தக் கொடி என் கழுத்தைக் கூசச் செய்துகொண்டே வந்தது. என்னைக் கேட்டால் அந்த வண்டியின் மிக நல்ல நாள் அதுதான்.

குன்றத்தூருக்கு வந்த பிறகு என் பாதை மாறியது. சோமங்கலம், மணிமங்கலம், படப்பை, பிறகு ஒரகடம். அந்தப் பாதையில்தான் வாசனை ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

ஒருநாள் படப்பை சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். மணிமங்கலம் எப்போது போனது என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். சோமங்கலத்தில் மாடு குறுக்கே வந்தது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் நேராக படப்பை. நடுவில் ஒன்றுமே இல்லை. தினமும் போகிற வழி, கண் மூடினாலும் கை ஓட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அப்படியே நடந்தது. அந்தத் தடவை வாய் உலர்ந்து, நாக்கின் ஓரத்தில் ரத்தச் சுவை இருந்தது.

வண்டியை ஒரகடம் மெக்கானிக்கிடம் விட்டேன். புகை ஏதாவது என் மூக்குக்கு வந்து மயக்கம் கொடுக்கிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். சைலன்சரைக் கழற்றச் சொன்னேன், கார்புரேட்டரைப் பார்க்கச் சொன்னேன், ஒயரிங் முழுவதையும் பிரிக்கச் சொன்னேன். அவர் பொறுமையாக எல்லாம் பார்த்துவிட்டு, ஓட்டியும் பார்த்துவிட்டு வந்தார். வண்டியில் ஒன்றும் இல்லை, புது வண்டிகூட இப்படி ஓடாது என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதாவது ஒரு கோளாறு சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒருநாள் லைனில். தகட்டைக் கையில் பிடித்தபடி நின்றேனாம். திருநெல்வேலிக்காரன் மூன்று தடவை கூப்பிட்டானாம். நான் அவனைப் பார்த்தேனாம், ஆனால் பார்க்கவில்லையாம். அவன் பிரஸ் மெஷினை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினான்.

"என்னடே, கண்ணு தெறந்திருக்கு, ஆள் இல்லையே?" என்றான்.

தூக்கமில்லை, மூன்று நாளாக ஓ.டி. என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. டாக்டரைப் பார்க்கச் சொன்னான். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. மெஷினில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். அதைவிட, வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். அவனிடம், வீட்டில் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த மாதத்திலேயே ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடும்போது பார்த்தேன். இடது பக்க லெக் கார்டு உள்ளே வளைந்திருந்தது. அதன்மேல் நீலப் பெயின்ட், ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து ஒட்டியிருந்தது. காலையில் அது இல்லை. கம்பெனியை விட்டுக் கிளம்பும்போதும் இல்லை, ஏனென்றால் ஷெட்டில் இருந்து வண்டியை எடுத்தபோது அந்தப் பக்கத்தைத் துடைத்திருந்தேன்.

எதன் மேல் இடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

குந்தி உட்கார்ந்து அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கேட்டாக இருக்கலாம், தண்ணீர் டிரம்மாக இருக்கலாம். சைக்கிளாகவும் இருக்கலாம். என் பேண்ட்டைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். மனைவி உள்ளே இருந்து கூப்பிட்டாள். துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து அந்த நீலத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் இதைத்தான் இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. மறுநாள் பேப்பரில் அந்தப் பக்கத்துச் செய்தி முழுவதையும் தேடிப் படித்தேன். ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் அதே வண்டியில், அதே பாதையில்தான் போனேன். மெதுவாகப் போனேன், அவ்வளவுதான். டேங்க் மேல் மகளை உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீபெரும்புதூரில் பழைய வீட்டுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மகள் முன்னால், மனைவி பின்னால். குன்றத்தூர் நெருங்கிவிட்டது. எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம் வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றது அவள் சொன்னது.

நான் திரும்பவில்லை. நேராகப் போனேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து அவள் தோளைத் தட்டினாள். பதில் இல்லை. எட்டி முகத்தைப் பார்த்தாள். எதையோ மெல்லுகிற மாதிரி என் வாய் அசைந்துகொண்டிருந்ததாம். வாயில் ஒன்றும் இல்லை. முன்னால் ரோட்டோரம் ஒரு டிரெய்லர் லாரி நின்றிருந்தது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே போனது. அவள் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்குக் கேட்கவில்லை. என் கைக்கு அடியில் கையை நுழைத்துச் சாவியைத் திருகி அணைத்தாள். வண்டி இரண்டு குதி குதித்து, வேகம் இறங்கி, சாய்ந்து விழுந்தது.

எனக்கு நினைவு வந்தபோது டிரெய்லரின் பின்பக்கம், சேறு படிந்த நம்பர் பலகை, எட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. மகள் முழங்கை உராய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மனைவி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்ட முதல் கேள்வியை அவள் இன்னும் மறக்கவில்லை.

"வண்டி ஏன் ஆஃப் ஆச்சு?"

"வண்டி இல்ல," என்றாள். "நீதான் ஆஃப் ஆயிட்ட. எத்தினி நாளா இப்டி கீது?"

ரோட்டோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாசனை, படப்பை சிக்னல், லைனில் நின்றது, கடைசியாக நீலப் பெயின்ட். அதைச் சொல்லும்போது அவள் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். திட்டவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வரை நடந்தோம்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வலிப்பு என்றார்கள். கீழே விழுந்து கை கால் இழுப்பதுதான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். இப்படி, கண் திறந்திருக்க ஆள் மட்டும் போய்விட்டு வருகிறதும் அதில் ஒரு வகையாம். இல்லாத வாசனை வருவதுதான் அதன் ஆரம்பமாம். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்.

"இன்னியிலேர்ந்து ஓட்ட மாட்டாரு மேடம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். சோமங்கலத்தில் இறங்கினோம், மணிமங்கலத்தில் இறங்கினோம். பஞ்சர் கடை, டீக்கடை, பஸ் நிறுத்தம் என்று ஒவ்வொரு இடமாக அவளேதான் கேட்டாள். அந்த மாதத்தில் யாரையாவது ஒரு பைக் இடித்துவிட்டுப் போனதா, நீலக் கலர் வண்டி எதுவாவது அடிபட்டதா என்று. யாருக்கும் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் நிதானமாக எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இந்த ரோட்டுல தெனம் ஒண்ணு நடக்குதும்மா," என்றார். "நீங்க எதைக் கேக்கிறீங்க?"

அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். எதை இடித்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் அது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

கம்பெனியில் சொல்லப் போனபோது திருநெல்வேலிக்காரனும் கூட வந்தான். பயந்த மாதிரி வேலை போகவில்லை. லைனில் இருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். மாத்திரை காலையிலும் சாயங்காலமும். வாசனை பிறகு ஒரே ஒரு தடவை வந்தது, ஸ்டோர்ஸில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல் காத்திருந்தேன். அது தானாகப் போனது.

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. தானே கற்றுக்கொள்கிறேன் என்றாள். குன்றத்தூர் தாண்டி, கல் நட்டுப் போட்டிருந்த ஒரு காலி மனையில் பல சாயங்காலங்கள் கிளட்சைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்பதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

இப்போது காலையில் அவள்தான் என்னைக் கம்பெனி பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விடுகிறாள். பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். ஏறினதிலிருந்து இறங்குகிற வரை பேசிக்கொண்டே வர வேண்டும். அவளால் திரும்பிப் பார்க்க முடியாது, ஆள் இருக்கிறானா என்று தெரிய வேண்டும் அல்லவா. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறேன். பால் வண்டி, பூக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், இன்றைக்கு ஸ்டோர்ஸில் என்ன இறங்குகிறது. சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினால் போதும், அவள் முதுகு விறைக்கிறது, ஆக்சிலேட்டர் இறங்குகிறது, இடது கை ஹேண்டிலை விட்டுப் பின்னால் வந்து என் முட்டியைத் தேடுகிறது.