வாவியைச் சுற்றி அவருக்குப் பின்னால்

கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறவர்களில் பாதிப் பேர் டாக்டருக்குப் பயந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். கந்தோரில் கோப்புகளோடு கதிரையே கதி என்று உட்கார்ந்திருந்ததில் சீனி வருத்தம் வந்து சேர்ந்தது. கிளினிக் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி, டவுனில் புடைவைக்கடை வைத்திருப்பவர். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று ஒருவரையொருவர் விசாரித்தோம். அவருக்குத்தான் கூட. போட்டி அங்கேயே தொடங்கிவிட்டது.

காலையில் வாவிக்கரையில் சந்திப்போம். முதல் திருப்பம் வரைக்கும் ஊர்க்கதை. பிறகு அவர் முன்னே போய்விடுவார். நான் அவருடைய முதுகைப் பார்த்தபடி மூச்சு வாங்குவேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஆனாலும் அந்த முதுகு இல்லாவிட்டால் இரண்டாம் நாளே போர்வைக்குள் திரும்பியிருப்பேன்.

சுற்றி முடித்து முதலில் வருகிறவர் மற்றவருக்கு இலைக்கஞ்சி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். எப்போதும் அவர்தான் வாங்கினார். "கஞ்சி ஆறிப்போச்சுக்கா" என்று கோப்பையை நீட்டுவார். கோபம் பொத்துக்கொண்டு வரும். மறுநாளும் போவேன். கந்தோரில் "மிஸ் மெலிஞ்சிட்டீங்க" என்றார்கள். என்னையும் ஒரு நடக்கிற ஆளாக நானே நம்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் அவருடைய நடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கேட்டதற்கு, "புதுச் சப்பாத்துக்கா, கடிக்குது" என்றார். அன்று அவரை எட்டிப் பிடித்துவிட்டேன். தோளுக்குத் தோள் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். அன்றும் கஞ்சி வாங்கியது அவர்தான்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. நானும் வாவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவருடைய கடையில் வேலை செய்யும் பெண் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது பாதத்தை எடுத்திருந்தார்கள்.

"பெருவிரல்ல புண்ணு இருந்துச்சுக்கா. டாக்டர்கிட்ட காட்டினா நடக்காதீங்கன்னு சொல்லிருவாங்க. நீங்க முந்திருவீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். என்னைப் போன்ற ஒரு ஆமையை முந்தவா ஒரு காலைக் கொடுத்தார்? அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாதீங்க. இப்ப நீங்கதானே முதல்ல வர்றது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"இல்லை. நீங்கள் வராத நாள் தொட்டு நான் நடக்கிறேல்லை."

அவருடைய சிரிப்பு நின்றது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பேருமே உக்காந்துட்டோமா?" என்று கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.