விழுங்கக் கூடாத மருந்து

மருந்து என்றால் வயிற்றுக்குள் இறங்கியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டாரின் அசையாத நம்பிக்கை. அதிலும் தேனில் குழைத்துக் கொடுத்தால்தான் உடம்பில் ஊறும் என்பார் என் மாமியார். சூரணமோ, பஸ்பமோ, இங்கிலீஷ் மாத்திரையோ, எதற்கும் அவரிடம் வழி ஒன்றுதான். நான் சொல்லப்போவது முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையில் ஏரலில் நடந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆவணியில் என் மாமனாருக்கு நெஞ்சுவலி கண்டது. வயலிலிருந்து திரும்பும்போது பாதி வழியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். வண்டி கட்டிப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். என் பிறந்த வீடு அங்கே என்பதால் நானும் உடன் போனேன். டாக்டர் நெடுநேரம் பரிசோதித்துவிட்டு, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே மிளகைவிடச் சிறிய மாத்திரைகள். அவர் என் கணவரிடம் சொன்னவை, கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் ஒவ்வொரு சொல்லாய் விழுந்தன. வலி வந்ததும் ஆளை உட்கார வைத்து, ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். விழுங்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். சற்று நேரத்தில் முகம் சிவந்து தலை தெறிக்கும், அதற்கு அஞ்சக் கூடாது.

என் கணவர் இதையெல்லாம் தம் தாயிடம் சொல்லிக் குப்பியை ஒப்படைத்தார். அவரும் கேட்டும் கேளாமலும் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் மாலை வலி வந்தது. என் கணவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இன்னும் வீடு திரும்பவில்லை. மாமியார் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து மாமனாருக்குப் புகட்டினார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது தவறு என்று அந்த வீட்டில் அப்போது அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் மாமனார் எதிரில் மருமகள் வந்து நிற்பதோ, வாய் திறப்பதோ எங்கள் வழக்கமில்லை. இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லலாமா, சொல்லலாமா என்று நெஞ்சுக்குள் புழுங்கினேனே தவிர, சொல்லவில்லை. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் துடித்தார். பிறகு வலி தானாகவே தணிந்தது.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் தம் தாயிடம் பேசினார்.

"எம்மா, டாக்டர் நாக்குக்கடியிலதான வைக்கச் சொன்னாரு?"

"நாக்குக்கடியில வச்சுச் சப்புததுக்கு அது என்ன கல்கண்டாலே?" என்றார் மாமியார். "வயித்துக்குள்ள போவாத மருந்து, வாசல்லயே நிக்க விருந்தாளி மாதிரிலா. அவனால வீட்டுக்கு என்ன பிரயோசனம்? நேத்து வலியக் கொறச்சது தேன்தான். நீ கச்சேரிக்குக் கெளம்பு."

என் கணவர் சிரித்தபடி போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து, உச்சிவேளையில், மாமனார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு நடுவீட்டில் அமர்ந்திருந்தார். "ஏளா" என்று மாமியாரை அழைத்த குரல் பாதியில் நின்றது. ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்து, நெற்றியெல்லாம் வியர்வை. வலது கை மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. முந்தைய வலி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று கண்டதுமே தெரிந்தது.

மாமியார் குப்பியை எடுத்தார். மூடி அவருக்குத் திறக்க வரவில்லை. "ஏட்டி, இதத் தொறட்டி. நான் தேன் எடுத்துட்டு வாரேன்" என்று என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார்.

குப்பி திறந்துவிட்டது. மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. அடுக்களையில் தேன் பரணி நகரும் ஓசை கேட்டது. இந்த முறையும் பேசாதிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அருகில் போய் மண்டியிட்டேன். அவர் வாயில் வெற்றிலைச் சக்கை அடைத்திருந்தது. துப்பக்கூட அவருக்குத் திராணியில்லை. பிறர் எச்சில் பட்டால் தலை முழுகும் வீடு எங்களுடையது. கண்ணை ஒரு முறை மூடித் திறந்துவிட்டு, விரலை விட்டுச் சக்கையை வழித்தெடுத்தேன். நாக்கைத் தூக்கி மாத்திரையை அடியில் வைத்தேன். "மாமா, முழுங்கிராதீங்க. அப்படியே வச்சிருங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

தேன் கிண்ணத்துடன் வந்த மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, என்ன காரியம்ட்டி பண்ணுத!"

என் கண் மாமனாரின் முகத்தைவிட்டு அகலவில்லை. திடீரென்று அந்த முகம் செவ்வரளியாய்ச் சிவந்தது. கழுத்து நரம்பு துள்ளியது. அவர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவி, என்னத்தட்டி குடுத்த? மூஞ்சி வேவுதே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு, அத்தை" என்றேன். ஆனால் டாக்டர் சொன்ன சிவப்பு இதுதானா, இல்லை முடிவின் சிவப்பா? சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள்தானே? அந்தச் சில நிமிஷங்களில் என் வாழ்வு முழுவதையும் நடந்து முடித்தவள்போல் களைத்துப்போனேன்.

மார்பை அழுத்திய கை மெல்லத் தளர்ந்து மடியில் விழுந்தது. ஒரு கணம் என் உயிரே நின்றது. பிறகு அவர் நீண்ட மூச்சு ஒன்று விட்டு, "தலைதான் வலிக்கி. நெஞ்சு லேசாயிட்டு" என்றார்.

மாமியார் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "போயிக் குளி" என்று பழக்கத்தில் சொன்னவர், என் சிவந்த விரல்களைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போனார். செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, முற்றத்து ஓரத்தில் என்னை நிறுத்தித் தாமே என் கையில் பைய ஊற்றினார். மருமகளுக்குக் கை கழுவ மாமியார் தண்ணீர் ஊற்றியது அந்த வீட்டில் அன்றுதான்.

மாலையில் மாமனார், நான் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே, தம் மனைவியிடம் சொன்னார். "குப்பிய மருமவள்ட்ட குடுத்திரு. இனி அவ வச்சிக்கிடட்டும்."

அந்த மாத்திரை அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. வந்த வலியை மட்டுமே தணித்தது. அதன் பின் நான்கு ஆண்டுகள் அவர் இருந்தார். எத்தனையோ முறை என் கையால் அதை அவருக்கு வைத்திருக்கிறேன். ஒரு பங்குனி விடியலில், வலி என்று சொல்லவும் நேரமின்றி, உறக்கத்திலேயே போனார்.

அன்று துணிந்ததைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கோ இன்றும் நினைவில் உறுத்துவது, அறிந்தும் வாய் மூடி நின்ற அந்த முதல் ஒரு மணி நேரம்தான். அதற்காக மன்னிப்புக் கேட்க மாமனார் இல்லை, மாமியார் இல்லை, என் கணவரும் இல்லை. அந்த வீட்டில் அன்றிருந்தவர்களில் நான் மட்டும் இருக்கிறேன்.