முகம்மது கனி திருத்திய வரைபடம்

நேர்முகத்துக்கு முந்தின நாள் காலையில் முகம்மது கனி பஸ் ஏறி ஊட்டத்தூர் பக்கம் போனதற்கு ஒரே காரணம், சென்னைக்குக் கையோடு கொண்டுபோக பழங்காலக் கடலின் பவளம் பதிந்த நல்ல கல் ஒன்று வேண்டும் என்பதுதான். 1937ஆம் வருடம் அது. பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆராய்ச்சிக்கென்று வருடந்தோறும் ஒரே ஒரு உதவித்தொகை, இரண்டு வருடத்துக்கு. பதினோரு பேர் எழுதிப் போட்டதில் மூவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கனியும் அவர்களில் ஒருவன்.

திருச்சி பெரிய கடை வீதியில் சுருட்டுக் கடை வைத்திருந்த சேக் மைதீனின் ஒரே மகன் அவன். ஆனர்ஸ் முடித்துவிட்டு வெயிலில் கல் பொறுக்கித் திரிந்த பிள்ளையை அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், "இந்தத் தடவை கெடைக்கலேன்னா கடைக்கு வந்துடு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு வேணாம்" என்றார். அவனும் சரியென்றான்.

விண்ணப்பத்தோடு அவன் அனுப்பியிருந்த வரைபடம் மூன்று மாத உழைப்பு. ஊட்டத்தூரைச் சுற்றி, பழைய கருங்கற்பாறையின் மேல் நேராகக் கடல் ஏறிப் பவளச் சுண்ணாம்புக்கல்லைப் படியவிட்டது, இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாது என்பது அவனுடைய வாதம். அதை நம்பித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஊர் எல்லையில் புதுக் கிணறு ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். கரையில் குவிந்திருந்த கல்லைக் கிளறியவன் கையில், தட்டையான சாம்பல் நிறக் களிக்கல் ஒன்று அகப்பட்டது. அதில் ஓர் இலை பதிந்திருந்தது. ஈச்ச ஓலை மாதிரி நடுவில் நரம்பு, இருபுறமும் நெருக்கமாகச் சிற்றிலைகள். கடல் கல்லுக்கு அடியிலிருந்து நிலத்துச் செடி வந்திருக்கிறது. அப்படியானால் கடல் வருவதற்கு முன்னால் அங்கே காடு இருந்திருக்கிறது. வரைபடத்தில் அவன் போட்ட கோடு தப்பு.

கல்லைக் குவியலிலேயே எறிந்துவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததைப் பிற்காலத்தில் அவன் மறைத்ததில்லை. கையை ஓங்கவும் செய்தான். ஆனால் விடவில்லை.

கிணற்றின் பக்கச்சுவரில் அந்தக் கல் எங்கே இருக்கிறது, எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்தால்தான் நிச்சயம். வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் நல்லதம்பி வழிமறித்தார்.

"இறங்காதீங்க தம்பி. காலையில நாலு வேட்டு வெச்சோம். மூணு சத்தந்தான் கேட்டுச்சு. ஒண்ணு உள்ளயே கெடக்கு."

"எப்ப இறங்கலாம்?"

"நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கு நான் மெட்ராஸ்ல இருக்கணும் அண்ணே. சாயங்காலம் ரயில்."

"அப்ப போயிட்டு வந்து பாருங்க. கெணறு எங்க ஓடிடப் போவுது?"

எட்டிப் பார்த்தான். அடியில் ஊற்றுக் கண் திறந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்குள் அந்த அடுக்கு முழுகிவிடும். அதைச் சொல்லிச் சொல்லி அரை மணி நேரம் கெஞ்சினான். நல்லதம்பி தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை எடுத்தார்.

"சுத்தியல மேலயே வெச்சுட்டுப் போங்க. இரும்பு எதுவும் கல்லுல படக் கூடாது. மேக்காலச் செவருப் பக்கம் கால் வெக்காதீங்க. அங்கதான் எங்கயோ இருக்கு."

முப்பதடி ஆழம். சுண்ணாம்புக்கல் முடிந்ததும் சாம்பல் களிக்கல் தொடங்கியது. தண்ணீர் முழங்கால் வரை இருந்தது. துணி டேப்பைப் பிடித்து அளந்தான். ஆறடி. இன்னும் கீழே போகிறதா என்று தெரியவில்லை. விரலால் பெயர்த்தான், நகம் கிழிந்தது. சுவரிலிருந்தே இன்னோர் இலை வந்தது. அந்த நேரத்தில் மேற்குப் பக்கக் கற்குவியல் சரசரவென்று சரிந்தது. தலையளவு கல் ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்தது. கனி எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டான். மேலே நல்லதம்பியின் கையில் கயிறு இறுகியது.

ஒன்றும் நடக்கவில்லை. மேலே தூக்கியதும் நல்லதம்பி அவனை ஏசின ஏச்சில் கிணற்றடியே அதிர்ந்தது. ஏசி முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பஸ் போய்விட்டிருந்தது. டிரங்க் ரோடு வரை ஓடிப்போய், பருத்தி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஜங்ஷனுக்கு வந்தபோது ரயில் புறப்பட இருந்தது. பிளாட்பாரத்தில் மகனுடைய கோட்டும் பையுமாக நின்றிருந்தார் சேக் மைதீன்.

"தேடிப் போன கல்லு கெடைச்சுதா?"

"கெடைச்சுது அத்தா." பையை வாங்கிக்கொண்டு பெட்டியில் ஏறினான்.

மறுநாள் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் வரைபடத்தை விரித்து, "மிகத் தெளிவான வேலை" என்றார். அப்படியே விட்டிருக்கலாம். கனி எழுந்து கைக்குட்டையைப் பிரித்து இரண்டு இலைக் கல்லையும் வரைபடத்தின் மேல் வைத்தான்.

"இந்தக் கோடு தவறு, ஐயா. நேற்றுத்தான் தெரிந்தது."

இடப்பக்கம் இருந்தவர் கல்லைத் தொடவே இல்லை. "தவறான வரைபடத்துக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறீர்களா?"

"திருத்துவதற்குக் கேட்கிறேன்."

"ஒரே ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டா?"

கனி நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினான். அது கல்லுக்கு அடியில் இருந்தது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. உதவித்தொகை வேறொருவருக்கு. சொன்ன வாக்குப்படி மறுநாள் காலையில் கனி கடையைத் திறந்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்ததும் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணறு பார்க்கப் போவதை சேக் மைதீன் தடுக்கவில்லை. நல்லதம்பி எந்த ஊரில் எந்தக் கிணறு வெட்டினாலும் முன்கூட்டியே கடைக்குச் சொல்லி அனுப்பினார். பொங்கல் முடிந்த வாரத்தில், நடுவில் இருந்த பேராசிரியரிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. மறுபடி விண்ணப்பிக்கும்படி இரண்டே வரி. அப்பாவிடம் காட்டினான். அவர் படித்துவிட்டு, "எழுதிப் போட்டுட்டு வா" என்றார்.

மறு வருடம் அதே மேஜை. "இப்போது எத்தனை கிணறு?" என்றார் இடப்பக்கத்துக்காரர்.

"ஒன்பது, ஐயா. ஆறில் இலை இருக்கிறது. மூன்றில் இல்லை. ஏன் இல்லையென்று தெரியவில்லை."

இந்த முறை கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, சரக்கு வாங்கச் சென்னைக்குப் போன சேக் மைதீன் மகனுடைய ஆராய்ச்சி அறையைப் பார்க்க வந்தார். பூதக்கண்ணாடி, சீட்டு ஒட்டிய கற்கள், ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து வெகு நேரம் சுற்றிலும் பார்த்தார்.

"நாள் பூரா இங்கதான் உக்காந்திருப்பியா?"

"ஆமா, அத்தா."

"ஜன்னலைத் தொறந்து வெச்சுக்க" என்றார். பிறகு கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடச் சொன்னார்.