பவளத்தின் சளிப்பூஞ்சை

பவளம் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குப் பித்தளைச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி நேரமும் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, கீறல் விழுந்த துண்டுக்குச் சிவப்பு அட்டை கட்டுவாள். அவள் கண்ணுக்குத் தப்புகிற கீறல் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பாராட்டு, மீதி வயிற்றெரிச்சல்.

மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்ட ஒரு காலையில் கம்பெனித் தோட்டத்து மரத்தூள் மேல் மஞ்சளாக ஏதோ பொங்கிக் கிடந்தது. பவளம் குனிந்து போட்டோ எடுத்தாள்.

“யக்கா, நாய் கக்குனத எதுக்குப் போட்டோ புடிக்கற? ஸ்டேட்டஸ் வெக்கவா?” என்றாள் பக்கத்து இருக்கை மணிமேகலை.

மறுநாள் அது ஒரு சாண் நகர்ந்திருந்தது. நாய் கக்கியது நகராது. அந்த அளவு விஞ்ஞானம் இருவருக்குமே தெரியும். பவளம் போட்டோவை இணையத்தில் போட, பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் லாவண்யா பதில் எழுதினார். அது சளிப்பூஞ்சையாம். பெயரில்தான் பூஞ்சை, பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, விலங்கும் இல்லை. கூழாக ஊர்ந்து தின்னும். பிறகு ஒருநாள் ஓரிடத்தில் நின்று, மயிரிழைக் காம்புகளின் மேல் கடுகை விடச் சிறிய தலைகளைத் தூக்கி, பொடியாகப் பறந்துவிடும்.

அதன்பின் ஞாயிறு வந்தால் பவளம் ஜவளகிரி பஸ்ஸில் இருப்பாள். காட்டோரத்தில் மக்கிய கட்டைகளைப் புரட்டுவாள். கிடைத்ததைப் பட்டையோடு சீவி, காலித் தீப்பெட்டிக்குள் ஒட்டி, இடம், தேதி, மரம் எழுதி வைப்பாள். வீட்டில் நூற்று நாற்பது தீப்பெட்டிகள் சேர்ந்தன. ஒன்றிலும் குச்சி கிடையாது. அடுப்புப் பற்றவைக்கப் போய் நாலு பெட்டி திறந்து பார்த்த புருஷன் முத்துக்குமார், லைட்டர் வாங்கிவிட்டான்.

போன ஆவணியில் ஒரு பெட்டி அவளைக் குழப்பியது. தலைகள் கவிழ்த்த தட்டு மாதிரி, காம்புகள் முறுக்கிக்கொண்டு. போட்டோ பார்த்த லாவண்யா போனில் சொன்னார்: “எந்த வகையிலயும் இது அடங்கல பவளம். புதுசா இருந்தா உங்க பேரையே வைக்கலாம்.”

அன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. முத்துக்குமார் குழம்பை ஒதுக்கிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டான்.

பெட்டியோடு அனுப்ப லாவண்யாவிடமிருந்து ஒரு படிவம் வந்தது. கடகடவென்று நிரப்பிக்கொண்டு போனவள், ‘உலர்த்திய விதம்’ என்ற கட்டத்தில் நின்றாள். அந்தப் பட்டையைச் சீவி வந்த வாரம் விடாத தூறல். பட்டை பூசணம் பிடித்துவிடுமே என்று பயந்து, கழுவிய சாமான்களைக் காயவைக்கும் கம்பெனி ஓவன் மேல் பெட்டியை ஒரு ஷிப்ட் முழுக்க வைத்திருந்தாள்.

கம்பெனியில் ஒவ்வொரு லாட் சரக்கிலும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு துண்டைத் தொடாமல் எடுத்து வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அதே பட்டையின் மறுபாதியை அவள் வேறொரு பெட்டியில் போட்டு, பிரிட்ஜ் மேல் வைத்து மறந்திருந்தாள். இப்போது எடுத்துத் திறந்து, லென்ஸை வைத்துப் பார்த்தாள். தலைகள் உருண்டை. காம்புகள் நேர். ஏற்கெனவே பதினொரு பெட்டியில் இருக்கிற, ரொம்பச் சாதாரணமான வகை. முதிராத தலைகளை ஓவன் சூடு சப்பையாக்கியிருக்கிறது. புதுசு என்று அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் யாரும் இல்லை. கட்டத்தில் ‘காற்றில்’ என்று எழுதினாலும் ஒரு சொல்தான். ‘ஓவனில்’ என்று எழுதினாலும் ஒரு சொல்தான். இரண்டுக்கும் இடம் தாராளமாக இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு ‘ஓவனில்’ என்று எழுதினாள். படிவத்தையும் மறுபாதியையும் போட்டோ எடுத்து போனில் அனுப்பினாள்.

லாவண்யா உடனே கூப்பிட்டார். “நீங்க சொல்லலைன்னா எனக்கு ஆறு மாசம் போயிருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டு பெட்டியும் வேணும். புதுசு கண்டுபிடிச்சேன்னு குதிக்கிற பசங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டப் போறேன்.”

சாயங்காலம் சேதி கேட்ட முத்துக்குமார் தலையைச் சொறிந்தான். “உம் பேரு வெக்கப்போறாங்கன்னு அம்மாட்ட சொல்லிட்டேனே. அது தெருவுக்கே சொல்லிருச்சு.”

“யாரு உங்களச் சொல்லச் சொன்னா? நீங்களே பேசுங்க.”

அவன் கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, அந்தப் பூஞ்சைக்கு ஏற்கெனவே பேர் வைத்துவிட்டார்களாம் என்று இழுத்தான்.

“என்ன பேரு?”

“வாயில நொழையலம்மா.”

“நொழையாத பேரு ஒரு பேரா? எந்தக் கூறுகெட்டவன் வச்சான்? எம் மருமக பேருதான் நல்லாருக்கு. நான் அப்படியேதான் சொல்லுவேன், போ.”

பவளம் பெட்டிகளைப் பொதியும் சாக்கில், சிரிப்பு தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.