கிருபாபாய் கேட்ட கேள்வி

கிருபாபாய் வாய் திறந்தால் ராஜபாளையத்துக்கே கேட்கும். நூல்மில்லில் மிசின் சத்தத்தோடு மல்லுக்கட்டிய தொண்டை அது. "ஏட்டி, நிறுத்து. முடியை அள்ளிக் கட்டு. கையை எடு." அவ்வளவுதான் பேச்சு. சோழபுரத்திலிருந்து வந்து கூட்டிப் பெருக்குகிற வேலையில் சேர்ந்து, திட்டு வாங்கி, திட்டக் கற்று, சூப்பர்வைசர் ஆனவள். அவள் ஷிப்டில் ஒருத்தி விரலிலும் கீறல் விழுந்ததில்லை. நான் ஜெயபாண்டி, அந்த மில் கேட்டில் நிற்கிறவன், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். உத்தரவு போடத் தெரிந்தவளை எனக்குப் பிடிக்கும்.

அந்தத் தொண்டையை அடைத்தவர் புது மேனேஜர் நவநீதகிருஷ்ணன். சென்னையில் ஏதோ பயிற்சி முடித்து வந்தவர். யாரையும் திட்டமாட்டார், சிரித்துக்கொண்டே பேசுவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம்.

"பதில் சொல்லாதீங்க கிருபாம்மா, கேள்வி கேளுங்க. அவங்களே யோசிச்சு முடிவெடுத்தாத்தான் பொறுப்பு வரும்" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊரில் மேலே இருக்கிறவர் கேட்டால் அது கேள்வியா? அவர் மனசில் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

அக்சா, கிருபாபாயின் அக்காள் மகள். தகப்பன் இல்லாத வீடு, அவள் சம்பளத்தில் ஓடியது. வேலைக்குச் சேர்த்துவிட்டதே கிருபாபாய்தான். ஒருநாள் நான் கேட்டுச் சீட்டு கொடுக்க உள்ளே போயிருந்தபோது, அவள் மிசினில் ரோலரைச் சுற்றிப் பஞ்சு ஏறிக்கொண்டது. நிறுத்திவிட்டுத்தான் பிய்த்தெடுக்க வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும். அக்சா ஓடிவந்து, "சித்தி, நிறுத்தவா?" என்றாள். பக்கத்தில் நவநீதகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'நிறுத்துட்டி' என்பது கிருபாபாயின் நாக்கு நுனி வரை வந்திருக்கும். விழுங்கிவிட்டு, "நீ என்ன நெனைக்க?" என்று கேட்டாள்.

அக்சா மேனேஜர் முகத்தைப் பார்த்தாள். "ஓடட்டும் சித்தி. அப்படியே எடுத்துருதேன்."

அவர் மெச்சித் தலையாட்டினார். அக்சாவுக்கு ரெண்டு விரல் போய்விட்டது.

விசாரணைக்குச் சாட்சியாக என்னையும் மேனேஜர் தன் அறையில் நிறுத்தியிருந்தார்.

"மிசின் ஓடட்டும்னு முடிவெடுத்தது யாரு கிருபாம்மா?"

"அக்சா, சார்."

"நீங்க சொன்னீங்களா?"

"இல்ல சார். கேட்டேன்."

"அப்ப பொறுப்பு யாருக்கு? நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது என் முடிவாயிரும்."

கிருபாபாய் முந்தானையை முறுக்கினாள். 'எனக்குத்தான்' என்றால் அவள் வேலை போகும். "அவளுக்குத்தான், சார்."

"அவளை என்ன செய்யலாம்?"

காத்திருந்தார். அந்த ஆளுக்கு அவசரமே கிடையாது.

"நிப்பாட்டிரலாம், சார்."

"நல்ல முடிவு. நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிருங்க."

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்சாவைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அக்சா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். மில் யூனிபார்ம், ஒரு கையில் கட்டு, மறுகையில் சோத்துவாளி. அவளை உள்ளே விடக்கூடாது என்று கிருபாபாய் கையெழுத்தோடு எனக்கு உத்தரவு வந்திருந்தது.

"ஏம்மா, ஒன் சித்தி ஒண்ணும் சொல்லலியா?"

"வந்தாவளே அண்ணாச்சி. எப்ப வேலைக்கு வரட்டும்னு கேட்டேன். செத்த நேரம் அழுதாவ. பொறவு, 'நீ என்ன நெனைக்க'ன்னு கேட்டாவ. திங்கக்கெழமை வந்துருதேன்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாவ."

"ஒனக்கு இங்க வேலை இல்லம்மா" என்றேன். வேறெப்படிச் சொல்ல?

அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "யாரு சொன்னா அண்ணாச்சி?"

"ஒன் சித்தி" என்றேன். மேனேஜர் பெயரைச் சொல்ல எனக்கு வழியில்லை. அவர்தான் ஒன்றுமே சொல்லவில்லையே.