கட்டிங் மாஸ்டரின் சிரிப்பு

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் பிறந்ததும் சிகிச்சை எடுத்துக் குடி, பீடி இரண்டையும் விட்டார். கூடவே அவர் சிரிப்பும் போய்விட்டது. பிரியாணி வைத்தாலும், மகள் மடியில் ஏறினாலும், "இன்னாவோ, ஒண்ணுமே பிடிக்கல" என்பார்.

மகள் காதுகுத்துக்கு வந்த அவர் தோஸ்த், "கட்டிங் மாஸ்டருக்கே கட்டிங் இல்லையா?" என்று பிராந்தி கிளாஸை நீட்டினார். குடித்ததும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டாக்டர் விளக்கினார்: "குடியும் பீடியும் மூளையில சந்தோஷத்தை உணர வைக்கிற டோபமைனை வாரி இறைச்சுப் பழக்கிடும்மா. விட்டப்புறம் கொஞ்ச மாசம் சின்னச் சந்தோஷம் எதுவும் உறைக்காது. மெதுவா திரும்பும். பொறுத்திருக்கணும்."

அவர் வீடு திரும்பவில்லை.

இப்போது என் தம்பி குடியை விட்டிருக்கிறான். "இன்னாடா, எப்பவும் உம்முனே இருக்கிற?" என்று யாராவது அவனைக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவன் பக்கத்தில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, கேட்டவரிடம் சொல்கிறேன்:

"உம்முனே இருக்கட்டும். இருந்தா போதும்."